130 மி.மீ. தொலைநோக்கி: நாலு வருஷம் பார்த்த பிறகு

2020 நவம்பரில் வாங்கினேன். 130 மி.மீ. ஆடி, 650 மி.மீ. குவியத் தூரம், மேசைமேல் வைத்துக் கையால் திருப்புகிற டாப்சோனியன் வகை. கூடவே 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்கள்) வந்தன, 26 மடங்கும் 65 மடங்கும் பெரிதாகக் காட்டும். அப்போது விலை 18,500 ரூபாய். அரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிற எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கொடுத்த காசு வீண் போகவில்லை.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்சலில் வரும்போதே ஆடிகள் இடம் பிசகியிருந்தன. நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் வால் முளைத்துத் தெரிந்தது. விற்றவர்களைக் கூப்பிட்டால் ‘அப்படித்தாங்க தெரியும்’ என்றார்கள். அப்படித் தெரியக்கூடாது. திருகுகளை மெல்லத் திருப்பி ஆடிகளை நேர்ப்படுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இப்போது பத்து நிமிட வேலை. குறிபார்க்கிற சிவப்புப் புள்ளி ஃபைண்டர் மெல்லிய பிளாஸ்டிக், முதல் வருஷமே விரிசல் விட்டது. மேசை ஆடினால் வானமே ஆடும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சிமென்ட் திண்டுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

2020 டிசம்பர் 21 சாயங்காலம் வியாழனும் சனியும் வானத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் நடுவில் பத்தில் ஒரு பாகை. மேகம் விலகிய கால் மணி நேரத்தில் வளையத்தோடு சனியையும், நிலாக்களோடு வியாழனையும் ஒரே வட்டத்துக்குள் பார்த்தோம். அதற்கே இந்தக் கருவிக்குக் காசு கொடுக்கலாம்.

அன்றைக்கு மாடியில் சித்தப்பாவும் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மூன்று வேளை பூஜை. கண்ணை எடுத்ததும் கேட்டார்: “இயற்கைக்கு விதின்னு ஒண்ணு இருந்தா விதிச்சவன் ஒருத்தன் இருக்கணுமே கண்ணு. அவன நம்பாம உன் சயின்ஸ் எது மேல நிக்குது?”

லேசான கேள்வி இல்லை. நேற்று நடந்தது நாளைக்கும் நடக்கும் என்பதை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கிறோம். ஆனால் அந்த ஏற்பைத் தாங்கிப் பிடிக்க ஒரு தெய்வம் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு அந்த இரண்டு கோள்களே சாட்சி. இந்தத் தொலைநோக்கியின் வடிவத்தை 1668இல் செய்து காட்டிய நியூட்டன் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவர். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும், ஒரு காலத்தில் இந்த அமைப்பையே சீர்ப்படுத்த வேண்டிவரும் என்று எழுதினார். சீர்ப்படுத்துகிறவராக அவர் நினைத்தது கடவுளை. வியாழன் கொஞ்சம் கொஞ்சமாக முந்துவதும் சனி பிந்துவதும் பழைய பதிவுகளில் தெரிந்தே இருந்தது. 1785இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வியாழனின் 5 சுற்றும் சனியின் 2 சுற்றும் ஏறக்குறைய ஒரே காலம், 59 வருஷம். அதனால் இழுப்பு ஒரே போக்கில் பல நூறு வருஷம் சேரும். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பும். சுமார் 900 வருஷத்துக்கு ஒரு ஊசலாட்டம். யாரும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு லாப்லாஸ் எடுத்துக்கொண்டதும் நியூட்டனின் அதே ஈர்ப்பு விதியைத்தான். நியூட்டனின் பக்தி அந்த விதியைக் கெடுக்கவும் இல்லை, அதற்கு முட்டுக் கொடுக்கவும் இல்லை.

எங்கள் லேபிலும் இதைத் தினம் பார்க்கிறேன். கூட வேலை பார்க்கிற அக்கா மெஷினுக்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போடுவார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. யார் போட்டாலும் காலையில் முதலில் ஓடுவது கண்ட்ரோல் சாம்பிள், அதாவது அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரி. அதன் அளவு குறித்த எல்லைக்குள் வராவிட்டால், அக்கா போட்டதாக இருந்தாலும் நான் போட்டதாக இருந்தாலும், அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது.

இதைச் சொன்னேன். சித்தப்பா சமாதானம் ஆகவில்லை. எனக்கும் அவரை மாற்றவேண்டும் என்றில்லை.

ஆனால் 2025 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால் 12 இரவுகள், அம்மாவும் நானும் ஒரு வேலை செய்தோம். அம்மா சனிக்கிழமை விரதம் விடாதவர், குரு ரிஷபத்தில் இருக்கிறார் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறவர். வியாழனும் ரோகிணிக்குப் பக்கத்தில் அங்கேதான் நின்றது. ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, நாள்காட்டித் தாளின் பின்புறம் நிலாக்களைப் புள்ளி வைப்போம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. அம்மாவுக்குக் கோலப்புள்ளி வைத்த கை, தூரம் பிசகவே இல்லை. தாள்களை வரிசையாக அடுக்கினால் தூரத்தில் நின்ற ஒரு புள்ளி ஏழு நாள் கழித்து அதே பக்கம், அதே தூரத்துக்கு வந்தது, இரண்டு பேர் தாளிலும். அதுதான் வியாழனின் நிலா கனிமீட். அதன் சுற்றுக்காலம் 7.15 நாள்.

ஒரு நாள் மட்டும் அம்மா ஐந்து புள்ளி வைத்திருந்தார், நான் நாலு. அம்மாவுக்குக் கண் ஏமாற்றிவிட்டது என்றேன். மறுநாள் பார்த்தால் அந்த ஐந்தாவது புள்ளி இருந்த இடத்திலேயே நிற்க, வியாழன் நாலு நிலாக்களோடு நகர்ந்திருந்தது. பின்னால் இருந்த மங்கலான நட்சத்திரம் அது. அம்மா பார்த்ததுதான் சரி. என் தாளில் சிவப்பு மையால் திருத்தி எழுதினேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: நேர்ப்படுத்தக் கற்றுக்கொள்ளும் பொறுமை இருந்தால் வாங்கலாம். ஆடாத திண்டு ஒன்றை முதலில் தேடிக்கொள்ளுங்கள். 10 மி.மீ. ஐபீஸ் சுமார்தான், பின்னால் நல்லதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் சூரியன் பக்கம் திருப்ப விடவே கூடாது, கண் போய்விடும். 5க்கு 4 கொடுப்பேன்.

அதே ஜனவரியில் சனியையும் காட்டினேன். அம்மா முதலில் கும்பிட்டார். பிறகு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “முன்ன பாத்தப்ப வளையம் அகலமா இருந்துச்சே, இப்ப கோடாட்டம் இருக்குது. தேதி போட்டு எழுதி வெச்சியா?” என்றார்.