ஸ்கைரிம்: வரைபடம் போதும், கணக்கைத் திருத்துங்கள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை வீடியோ கேமான ஸ்கைரிம் வெளிவந்தது 2011 நவம்பர் 11 அன்று. அடுத்த பாகத்தின் குட்டி முன்னோட்டத்தை 2018 ஜூனில் காட்டினார்கள். அன்று தொடங்கி ஆட்டக்காரர்களின் ஆசைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் 'இன்னும் பெரிய உலகம்'. அது வேண்டாத ஆசை. ஸ்கைரிமின் நிலப்பரப்பில் குறை சொல்ல அதிகமில்லை. தூரத்தில் ஒரு மலை தெரிகிறது, நடந்தால் அதன் உச்சிக்கே போய்விடலாம். குகைகள் பெரும்பாலும் சுற்றி வந்து வாசலருகிலேயே முடிவதால், வந்த வழியே திரும்பி நடக்கும் அலுப்பு இல்லை. கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டுகிறார், தூங்கப் போகிறார். கோளாறு நிலத்தில் இல்லை, அதற்கு அடியில் ஓடும் எண்களில் இருக்கிறது. அந்த எண்கள் உலகம் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன.

லெவல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இப்போதைய லெவலை 25ஆல் பெருக்கி 75 கூட்டினால், அடுத்த லெவலுக்குத் தேவையான புள்ளிகள் வரும். முதல் லெவலில் 100, இருபதாம் லெவலில் 575. ஒரு திறன் ஒரு படி ஏறும்போது, அது எட்டிய எண் அப்படியே புள்ளியாகச் சேரும். ஸ்மிதிங் (கொல்லு வேலை) 40இலிருந்து 41க்குப் போனால் 41 புள்ளி, ஸ்பீச் (பேச்சும் பேரமும்) அதே படி ஏறினாலும் அதே 41. மொத்தம் 18 திறன்கள், எல்லாவற்றுக்கும் ஒரே எடை. எதிரிகளோ உங்கள் மொத்த லெவலை மட்டும்தான் பார்ப்பார்கள். வாளைத் தொடாமல் பட்டறையிலும் கடையிலும் பூட்டுகளிலுமே காலம் கழித்து 25ஆம் லெவலுக்கு வந்தவர் வெளியே காலெடுத்து வைத்தால், முன்பு சாதாரணக் கொள்ளையன் நின்ற கூட்டத்தில் இப்போது மராடர் நிற்கிறான். கொள்ளையரில் இப்படி 1, 5, 9, 14, 19, 25 என்று ஆறு படிகள். டிராகன்களும் 10, 20, 30, 40, 50 என்று உங்கள் பின்னாலேயே ஏறி வருகின்றன. வணிகராக, மருந்து காய்ச்சுபவராக ஆட நினைப்பவருக்கு ஆட்டம் கொடுக்கும் பரிசு, அடிக்க முடியாத எதிரிகள்.

இதற்குள் இன்னொரு முடிச்சு. ஒரு குகைக்குள் முதல்முறை நுழையும் நொடியில் அதன் லெவல் நிலைத்துவிடும். எட்டாம் லெவலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து முப்பதாம் லெவலில் திரும்பினால், உள்ளே அதே பழைய நோஞ்சான்கள். தெரிந்தவர்கள் இதைச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். தெரியாதவர்களுக்கு 'ஏன் இது மட்டும் இவ்வளவு சுலபம்' என்று குழப்பம்.

பரிசுப் பொருட்களில் இந்தக் கணக்கு இன்னும் உறுத்தும். ரிஃப்டனில் கிடைக்கும் சில்ரெண்ட் வாளுக்குப் பல வடிவங்கள் உண்டு. எது கையில் வரும் என்பதை எடுக்கும் நேரத்து லெவல் தீர்மானிக்கும். உச்ச வடிவம் வேண்டுமானால் 46ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். பத்தாம் லெவலில் ஆசைப்பட்டு எடுத்தவரிடம் கடைசிவரை மட்டமான வாள்தான். நைட்டிங்கேல் வாளும் இதே ரகம். 'உலகத்தைக் காப்பாற்று, அவசரம்' என்று கதை துரத்துகிறது, 'இப்போது போகாதே, பொருள் வீணாகும்' என்று கணக்கு இழுத்துப் பிடிக்கிறது. ஆட்டக்காரர்கள் பல காலமாகக் கேட்கும் திருத்தம் ரொம்பச் சின்னது. பெயருள்ள ஆயுதங்கள் நம்மோடு சேர்ந்து வளரட்டும். அல்லது கொல்லன் பட்டறையில் கொஞ்சம் பொருள் கொடுத்து அடுத்த படிக்கு ஏற்றிக்கொள்ள வழி இருக்கட்டும்.

சரியாக வடிவமைக்கப்பட்ட எதிரி ஒன்றும் இதே ஆட்டத்தில்தான் இருக்கிறது: ஜயன்ட் என்ற ராட்சதன். அது எப்போதும் லெவல் 32. வைட்ரன் நகரத்துக்கு வெளியே, முதல் மணிநேரத்திலேயே கண்ணில் படும். தடியடி பட்டதும் உடல் வானத்தில் பறப்பது இயற்பியல் கணக்கின் பிசகு, ஆனால் பாடம் பிசகு இல்லை. 'இங்கே இப்போது வராதே' என்பதை ஒரே அடியில் சொல்லிவிடுகிறது. பிறகு பலத்தோடு திரும்பி வந்து அதை வீழ்த்தும்போது, வளர்ந்திருக்கிறோம் என்பது உறைக்கிறது. பகுதிக்குப் பகுதி எதிரியின் பலம் மாற வேண்டும், நமக்காக ஏறி இறங்கக் கூடாது. அடுத்த பாகத்துக்கு ஒரே ஒரு திருத்தம்தான் கேட்கலாம் என்றால், கேட்க வேண்டியது இது.

கடினநிலையும் வெறும் பெருக்கல்தான். ஆறு நிலைகள். நடுவில் உள்ள அடெப்டில் இருபக்கமும் ஒன்றுக்கு ஒன்று. எக்ஸ்பர்ட்டில் நம் அடி முக்கால், வாங்குவது ஒன்றரை மடங்கு. மாஸ்டரில் பாதி, இரு மடங்கு. லெஜண்டரியில் நம் அடி கால் பங்கு, வாங்குவது மூன்று மடங்கு. எதிரி புத்திசாலி ஆவதில்லை, பக்கவாட்டில் சுற்றி வருவதில்லை. அம்பை முதுகில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தேடிவிட்டு, காற்றாக இருக்கும் என்று முணுமுணுத்தபடி தன் இடத்துக்குத் திரும்புகிறான். எல்லா ஆட்டக்காரரும் கடைசியில் மறைந்திருந்து அம்பு விடுபவராகவே முடிவதாகச் சொல்லும் கேலிக்குக் காரணம் இதுவே. நேர்ச்சண்டையில் கால் பங்கு அடி. மறைந்திருந்து விட்டால், ஸ்னீக் என்ற பதுங்கல் திறனின் பெர்க்குகளை (லெவல் ஏறும்போது கிடைக்கும் சலுகைகளை) எடுத்த பிறகு அம்புக்கு 3 மடங்கு, குறுவாளுக்கு 15 மடங்கு, டார்க் பிரதர்ஹுட் என்ற கொலைகாரர் சங்கத்தின் கையுறையும் சேர்ந்தால் 30 மடங்கு. கால் பங்கை முப்பதால் பெருக்கிப் பாருங்கள், ஏழரை. எந்த வீரனாக ஆடத் தொடங்கினாலும் கணக்கு அந்த இருட்டு மூலைக்கே தள்ளிக்கொண்டு போகிறது.

மந்திரவாதிகள் நிலை இதைவிடப் பரிதாபம். ஒருகை வாளில் திறன் 100க்குப் போனால் அடி ஒன்றரை மடங்கு. முதல் பெர்க்கின் ஐந்து படிகளும் எடுத்தால் அது இன்னும் இரட்டிப்பு. பட்டறையில் கூர் தீட்டினால் மேலும் ஏறும், மோதிரத்திலும் கையுறையிலும் மந்திரம் ஏற்றினால் அதற்கும் மேலே. தாக்கும் மந்திரங்களுக்கான திறனான டிஸ்ட்ரக்‌ஷனில் திறன் ஏறினால் மேஜிக்கா என்ற மந்திர சக்தியின் செலவு குறையும், அவ்வளவுதான். நெருப்பு மந்திரங்களின் அடி: ஃபயர்போல்ட் 25, ஃபயர்பால் 40, இன்சினரேட் 60. பெர்க் இரண்டு படியும் எடுத்தால் இவற்றில் ஒன்றரை மடங்கு, அத்தோடு நின்றுவிடும். எதிரியின் உயிர்ப்புள்ளி மட்டும் நிற்காமல் ஏறும். உடையில் ஏற்றும் மந்திரமும் செலவைத்தான் குறைக்கிறது. பொருளில் மந்திரம் ஏற்றும் என்சாண்டிங் திறன் 100இல், அதன் பெர்க்குகளோடு, ஒரு பொருளுக்கு 25 சதவீதம், நான்கு பொருள் போட்டால் செலவு பூஜ்யம். அதன் பிறகு மேஜிக்கா என்ற பட்டைக்கே வேலையில்லை. இரு கையாலும் சேர்த்து வீசும்போது எதிரியைத் தடுமாறவைக்கும் இம்பாக்ட் பெர்க்கும் சேர்ந்தால், டிராகன்கூட நின்ற இடத்தில் தள்ளாடியபடியே சாகும். பலவீனம் அல்லது சலிப்பு, நடுவில் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் விடை ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. டிஸ்ட்ரக்‌ஷனை உயர்த்தும் மருந்தைக் குடித்தால் அடியே ஏறுகிறது, செலவு அல்ல. அதே விதியைத் திறனுக்கும் கொடுத்து, ஒரு புள்ளிக்கு அரை சதவீதம் என்று வைத்தால் வாளும் நெருப்பும் ஒரே தராசில் நிற்கும். கூடவே செலவுக் குறைப்புக்கு 75 சதவீதம் போல ஓர் உச்சவரம்பு. இரண்டு வரித் திருத்தம்.

அடுத்தது, தேடல்களின், அதாவது ஆட்டம் தரும் பணிகளின், அம்புக்குறி. அமைப்பில் அதை அணைத்துவிட்டு ஆட முயன்றவர்களுக்குத் தெரியும்: குறிப்பேட்டில் 'இன்ன இடத்தில் இருக்கும் கொள்ளையர் தலைவனைக் கொல்' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அந்த இடம் ஆற்றுக்கு இக்கரையா அக்கரையா என்று யாரும் சொல்வதில்லை. இதே வரிசையில் 2002இல் வந்த மாரோவிண்டில் வழி சொன்னார்கள், பாலம் தாண்டி வடக்கே போ, பிரிவில் இடப்பக்கம் திரும்பு என்கிற மாதிரி. அதில் சில வழிகள் தப்பாகவும் இருந்தன, அது தனி சுகம். ஸ்கைரிமில் இது இல்லாததற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. வசனம் முழுக்கக் குரலில் பதிவானது. ரேடியன்ட் தேடல்களில் இடத்தை ஆட்டமே அந்த நேரத்தில் பொறுக்கி எடுக்கிறது. அத்தனை குகைக்கும் அத்தனை பேர் குரலில் வழி சொல்லிப் பதிவது நடக்காத காரியம். ஆனால் குறிப்பேட்டுக்குக் குரல் தேவையில்லையே? ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று வரி எழுத்துக் குறிப்பு ஒருமுறை எழுதிவைத்தால், எந்தத் தேடல் அங்கே அனுப்பினாலும் அதையே ஒட்டிக்கொள்ளலாம். குறுக்குச் சாலைகளில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றைப் படிக்க ஆட்டக்காரருக்குக் காரணம்தான் இல்லை.

சர்வைவல் மோட் என்ற கடின ஆட்டமுறையில் இந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். ஸ்பெஷல் எடிஷனில் இப்போது இலவசமாகவே இருக்கும் இந்த முறையில் வேகப் பயணம் கிடையாது. உயிர்ப்புள்ளி தானாக ஏறாது, தூங்கினால்தான் லெவல் ஏறும், அம்புக்கும் பூட்டுக் கம்பிக்கும்கூட எடை உண்டு. மிச்சம் இருப்பது நடையும் குதிரையும் குதிரை லாயத்தின் பக்கம் நிற்கும் வண்டியும்தான். பெரிய நகரத்துக்கு 20 பொற்காசு, சிற்றூருக்கு 50. நிலம் அப்போதுதான் நிஜமாக விரிகிறது. அப்போதும் கண் போவதென்னவோ திரையின் மேலே நகரும் அம்புக்குறிக்குத்தான்.

சுமையும் வியாபாரமும் சேர்ந்தே தொல்லை தருகின்றன. தொடக்கச் சுமை 300. ஸ்டாமினாவில் 10 போட்டால் 5 கூடும். ஒரு டிராகன் எலும்பு 15, செதில் 10. எலும்பின் மதிப்பு 500 என்று எழுதியிருக்கும், ஆனால் ஸ்பீச் 15இல் விற்றால் 160 சொச்சம்தான். பலசரக்குக் கடைக்காரரிடம் இருப்பதோ 750. நான்கு எலும்பு விற்றதும் கடை காலி, பணம் மறுபடி நிரம்ப ஆட்ட நேரத்தில் 48 மணி. எனவே எல்லோரும் கடை வாசலில் நின்றபடி 'காத்திரு' பொத்தானை இரண்டு தடவை அழுத்துகிறார்கள். ஸ்பீச் 70இல் கடையில் 500 முதலீடு செய்யும் பெர்க், 100இல் எல்லாக் கடைக்கும் ஆயிரம் கூட்டும் பெர்க் எல்லாம் வருவதற்குள் காசின் தேவையே தீர்ந்திருக்கும். சுமை மீறிவிட்டால் ஒரு குறுக்குவழி: குதிரை மேல் ஏறிக்கொண்டால் வேகப் பயணம் வேலை செய்யும். குதிரை அந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்றால், அதற்கு ஒரு சேணப்பை கொடுத்திருக்கலாமே!

வீட்டில் பெட்டி நிறைய இரும்பு இருந்தாலும் உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது கையில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு எரிச்சல். ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஃபால்அவுட் 4இல் பணிமேசை அந்தக் குடியிருப்பின் பொதுக் கிடங்கிலிருந்தே பொருளை எடுத்துக்கொள்கிறது. தெரியாத வித்தை இல்லை.

சங்கங்கள் பற்றி ஒரு வரி போதும். தொடக்கநிலை மந்திரங்கள் நாலைந்தை வைத்தே மந்திரவாதிகளின் சங்கமான விண்டர்ஹோல்ட் கல்லூரியின் தலைவராகிவிடலாம். மாரோவிண்டில் பதவி உயர்வுக்குத் திறன் எண் கேட்டார்கள்.

இனி, இருப்பதை வைத்து ஆடப்போகிறவர்களுக்கு. 2011இன் மூலப் பதிப்பு 32 பிட், நினைவகம் முட்டியதும் விழுந்துவிடும். 2016இன் ஸ்பெஷல் எடிஷன் 64 பிட், வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும். 2021இன் ஆனிவர்சரி எடிஷன் அதன்மேல் கிரியேஷன் கிளப் என்ற கூடுதல் தொகுப்பின் பொருட்களைக் கொட்டுகிறது, முதல் ஆட்டத்துக்கு அவை சமநிலையைக் கெடுக்கவே செய்யும். ஆட்டத்தின் இயற்பியல் ஃபிரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் அப்படியே விட்டால் தொடக்கக் காட்சியின் வண்டி குட்டிக்கரணம் போடும், மேசைமேல் கிண்ணங்கள் சிதறும். கிராபிக்ஸ் டிரைவர் அமைப்பில் இந்த ஆட்டத்துக்கு மட்டும் 60 என்று வரம்பு வையுங்கள். குவிக்சேவ் ஒரே இடத்தில் மேலெழுதுவதால், முக்கியத் தேடலுக்கு முன் கையால் தனிச் சேவ் போடுவது நல்லது.

பட்டியல்களில் எடை, மதிப்பு என்று வரிசைப்படுத்த உதவும் ஸ்கையுஐ மோட் (ஆட்டக்காரர்கள் எழுதிய கூடுதல் நிரல்) கணினியில் கிட்டத்தட்ட கட்டாயம். அதற்கு எஸ்கேஎஸ்இ என்ற துணை நிரல் வேண்டும், எஸ்கேஎஸ்இ ஆட்டத்தின் குறிப்பிட்ட பதிப்போடு மட்டும் ஒட்டும். 2021 நவம்பர் புதுப்பிப்பு 1.5.97இலிருந்து 1.6க்குத் தாவியபோது மோட் வைத்திருந்தவர்களின் ஆட்டம் கொத்தாகப் படுத்ததற்குக் காரணம் இதுவே. ஸ்டீமில் 'தொடங்கும்போது மட்டும் புதுப்பி' என்று மாற்றி, ஆட்டத்தை எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறந்தால் பிழைக்கலாம். கன்சோலில் எஸ்கேஎஸ்இக்கே வழியில்லை. பிஎஸ்4இல் வெளியிலிருந்து படமோ ஒலியோ மோட்டில் சேர்க்கவும் அனுமதி கிடையாது. அங்கே ஆடுபவர்களுக்கு ஸ்கைரிம் என்பது, பெட்டிக்குள் எப்படி வந்ததோ ஏறத்தாழ அப்படியேதான்.