திம்பம் ஏறும் இருவருக்கு எந்த ஷாக்கப்சர்?

மனைவிக்குத் தாளவாடி, எனக்குக் கோபி. மாதம் ஒருமுறையாவது சத்தி, பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஆசனூர் வழியாக மாமியார் வீட்டுக்குப் போய்விடுவோம். போகும்போது ஒரு பை. வரும்போது அதே பை முட்டைக்கோஸும் உருளைக்கிழங்குமாக நிறைந்திருக்கும். வண்டி 350 சிசி, 195 கிலோ, பின்னால் இரண்டு ஷாக். தனியாக ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருவரும் ஏறிவிட்டால் வேறு வண்டி போல நடந்துகொள்ளும்.

போன வருடம் ஆசனூர் டீக்கடையில் இறங்கியதும் அவள் முதலில் சொன்னது, "ஏனுங்க, இடுப்பு கழண்டு போயிருமாட்ட இருக்குதுங்க." அன்றிலிருந்து இன்றுவரை மூன்று வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். நான்காவதை நண்பர் வண்டியில் அரை நாள் ஓட்டியிருக்கிறேன். பின்சீட்டில் அம்மாவையோ மனைவியையோ ஏற்றிக்கொண்டு வால்பாறை, கொல்லிமலை என்று கிளம்புகிறவர்களுக்கு இது உதவலாம்.

முதல் வழி, வண்டியோடு வந்த ஷாக்கையே வைத்துக்கொண்டு ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, ஏற்றுவது. செலவே இல்லை. கருவிப்பையில் இருக்கும் சி ஸ்பேனரால் கீழே உள்ள படிவளையத்தைக் கடைசிப் படிக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எதையும் வாங்கும் முன் எல்லோரும் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். டயர் காற்றையும் இருவருக்கான அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள், சமவெளியில், கோபியிலிருந்து ஈரோடு போய் வருகிற அளவுக்கு என்றால் இதுவே போதும். எனக்குப் போதவில்லை. ஏன் என்பதுதான் இந்த அலசலின் மையம், கீழே விரிவாக வருகிறேன்.

இரண்டாவது வழி, கடையில் ரெடியாகத் தொங்கும் 'கேஸ் ஷாக்'. சிவப்பு ஸ்பிரிங், மேலே சின்ன டப்பா, ஜோடி ஐந்தாயிரத்துக்குள். நான் முதலில் வாங்கியது இதைத்தான். பெயர் வேண்டாம். மாட்டிய அன்றே வண்டியின் பின்பக்கம் கல் போல நின்றது, ஆஹா என்று நினைத்தேன். சத்தியைத் தாண்டுவதற்குள் உண்மை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் சீட்டிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தாள். ஸ்பிரிங் மிகக் கடினம். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரிவதைப் பிடித்து மெதுவாக்க வேண்டிய ரீபவுண்டு டேம்பிங் அதற்கு ஈடாக இல்லை. ஏழாம் மாதம் வலது ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. மெக்கானிக் அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தொறக்க முடியாதுங்க தம்பி, மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார்.

'கேஸ்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வாயு எடையைத் தாங்குவதற்காக இல்லை. ஷாக்குக்குள் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக ஓடித்தான் ஆட்டம் அடங்குகிறது. அந்த ஆட்டம் முழுக்க எண்ணெயில் சூடாகச் சேர்கிறது. எண்ணெயும் காற்றும் ஒரே இடத்தில் கலந்திருந்தால், நீண்ட மோசமான சாலையில் நுரைத்துப் பிடிப்பு போய்விடும். நைட்ரஜனை அழுத்தத்தோடு அடைத்து, நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டனால் எண்ணெயிலிருந்து பிரித்து வைப்பது அந்த நுரையைத் தடுக்கத்தான். மேலே இருக்கும் டப்பா உண்மையில் அதற்கான இடம். விலை குறைந்த சிலவற்றில் அந்த டப்பா வெறும் அலங்காரம், உள்ளே எதுவும் இணைந்திருக்காது.

சரி, மையத்துக்கு வருகிறேன். பின்சீட்டு ஆளுக்காக ஷாக் மாற்றும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இருவரும் ஏறிய பிறகு பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது, மீதி எவ்வளவு இருக்கிறது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓட்டுகிறவர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பின்சக்கரத்துக்குப் போகும். பின்னால் இருப்பவர் ஏறக்குறைய பின் அச்சுக்கு மேலேயே உட்காருகிறார். அவர் எடை கிட்டத்தட்ட மொத்தமும் பின் ஷாக்கில்தான். 58 கிலோ மனைவி, ஷாக்கைப் பொறுத்தவரை 74 கிலோ உள்ள என்னைவிடக் கனம். பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டில் திரும்பச் சோம்பும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். சத்தி ரோட்டில் ராத்திரி எதிரே வந்த லாரிகள் எல்லாம் எனக்கு ஏன் லைட்டை அடித்துக் காட்டின என்பது ஷாக்கை மாற்றிய பிறகுதான் புரிந்தது.

அளந்து பார்ப்பது சுலபம். ஒரு ஞாயிறு காலை வாசலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன், பின்சக்கரம் அந்தரத்தில். அச்சு நட்டிலிருந்து நேர் மேலே பக்கவாட்டு மூடியில் ஒட்டுப்பட்டையால் ஒரு கோடு. தையல் டேப்பில் 542 மில்லிமீட்டர். ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் தன் எடையில் நிறுத்தினால் 532. நான் ஏறி உட்கார்ந்தால் 514. மச்சான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டுப் பையன் டேப்பைப் படித்தான். பிறகு மனைவி 8 கிலோ பையோடு ஏறினாள்: 489. ஒவ்வொரு முறையும் வண்டியை இரண்டு தடவை அமுக்கிவிட்டுத்தான் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். "இன்னும் எத்தன தடவைங்க ஏறி எறங்கோணும்?" என்று கேட்டாள். நான்கு தடவை ஏறினாள்.

542இலிருந்து 489 கழித்தால் 53. பின்சக்கரத்தின் மொத்த அசைவே 90தான். அதாவது பள்ளம் ஒன்று வருவதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. பொதுவாக ஆள் ஏறிய பிறகு மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தால் சரி என்பார்கள். எனக்கு அறுபது சதவீதம் பக்கம். திம்பம் வளைவுகளில் தார் பெயர்ந்த இடங்களில் 'டக்'கென்று இடுப்புக்கு வந்தது, ஷாக் அடியில் ரப்பரில் முட்டிய அடி.

ப்ரீலோடைக் கடைசிப் படியில் வைத்து அளந்தபோது 497. எட்டு மில்லிமீட்டர் மேலே வந்தது, இறக்கம் 45 ஆனது. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ப்ரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தைத் தூக்குகிறது, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டுமோ, அது முன்பு இருந்ததுதான். அதனால் உயரம் கொஞ்சம் சரியாகிறது, ஆழமான பள்ளத்தில் முட்டுவது மட்டும் தொடர்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

அப்படியானால் பழைய ஷாக்கிலேயே கனமான ஸ்பிரிங்கை மட்டும் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். சிலர் செய்கிறார்கள். பழைய ஸ்பிரிங்குக்கு அளவாகச் செய்த டேம்பிங் புதியதைப் பிடிக்காது. என் சிவப்பு ஸ்பிரிங் அனுபவம் திரும்ப வந்துவிடும்.

இங்கிருந்துதான் மூன்றாவது வழி. எடையைச் சொல்லி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்து வாங்கக்கூடிய, திறந்து எண்ணெயும் சீலும் மாற்றக்கூடிய ஷாக். நான் எடுத்தது தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ். கையில் பிடித்தது ஜோடி 19,000 ரூபாய், என் வண்டியின் அளவுக்குச் சரியான நீளம். நீளத்தில் ஏமாறாதீர்கள். 'கொஞ்சம் உயரமா இருந்தா நல்லா இருக்குமுங்க' என்று கடையில் சொல்வார்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்கிற கோணமும் முன்பக்கத்தின் குணமும் மாறிவிடும்.

வாங்கும்போது நான் சொன்னது மூன்று எண்கள்: என் எடை, மனைவியின் எடை, பையின் எடை. அதோடு வாரத்தில் எத்தனை நாள் இருவர் என்பதும். அதற்கேற்ப பழையதைவிட ஏறக்குறைய கால் பங்குக்குச் சற்று மேல் கடினமான ஸ்பிரிங் வந்தது. மாட்டி அதே வாசலில், அதே கோட்டிலிருந்து அளந்தோம். இருவரும் பையும் ஏறிய பிறகு இறக்கம் 38. மீதி 52.

இந்த இரண்டு எண்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பழைய ஷாக் கடைசிப் படியில் இருந்தபோது மீதி 45, ஸ்பிரிங் பழையது. இப்போது மீதி 52, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் கூடுதல். பெருக்கினால் அடியில் முட்ட வைக்க முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வலு வேண்டும். உயரத்தில் ஏழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்று நினைத்து யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கணக்கு.

மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு இன்னும் கொஞ்சம் கனமான ஸ்பிரிங் தேவை. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நான் தனியாகத்தான் போகிறேன். அதைவிடக் கனமாகப் போனால் வேலைக்குப் போகிற ஐந்து நாளும் என் முதுகு அடிவாங்கும். தினமும் இருவர்தான் என்றால் நீங்கள் ஒரு படி மேலே போகலாம். சனிக்கிழமை மாலை ப்ரீலோடு வளையத்தை நான்கு சுற்று இறுக்குகிறேன், திங்கள் காலை தளர்த்துகிறேன். பக்கத்துக்கு ஐந்து நிமிடம். இது மரை வளையம், பூட்டு வளையத்தைத் தளர்த்திவிட்டுத் திருப்ப வேண்டும், அதனால் பழைய படிவளையம் மாதிரி 'டக் டக்' என்று முடியாது. மரைக்குள் மண் இருந்தால் முதலில் பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். இந்த வகையில் பழைய ஷாக்தான் வசதி, ஒப்புக்கொள்கிறேன்.

ரீபவுண்டைத் திருகித் திருகிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த சோதனை எளியது. வேகத்தடை தாண்டிய பிறகு பின்பக்கம் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டாவது முறை ஆடினால் ஒரு கிளிக் கூட்டு. அடுத்தடுத்த குண்டுகுழிகளில் பின்பக்கம் எழும்பாமல் கீழேயே தங்கிக்கொண்டே போனால் ஒரு கிளிக் குறை. நான் உணர்வதைவிட அவள் முதலில் உணர்ந்துவிடுவாள், கேட்டுக்கேட்டுத்தான் வைத்தேன்.

நான்காவது, ஓலின்ஸ். 1976இல் சுவீடனில் கென்ட் ஓலின் தொடங்கிய நிறுவனம், பந்தய வண்டிகளில் பெயர் எடுத்தது. கோவைப் பக்கத்து நண்பர் வண்டியில் பொள்ளாச்சி வழியாக ஆழியாறு வரை போய், வால்பாறையின் 40 வளைவுகளில் முதல் சிலவற்றை மட்டும் ஏறிவிட்டுத் திரும்பினோம். சின்னச் சின்னக் குண்டுகுழிகள் காணாமலே போய்விட்டன. அந்த மென்மை என் ஷாக்கில் இல்லை. ஆனால் அன்று நான் பின்னால் யாரையும் ஏற்றவில்லை. அதனால் இருவருக்கு எப்படி என்று நான் சொல்வது நியாயமாக இருக்காது. விலை என் ஷாக்கைப்போலப் பல மடங்கு. அதற்கும் எடைக்கேற்ற ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தால்தான் பலன். ஸ்பிரிங் பொருந்தாத விலையுயர்ந்த ஷாக்கைவிட ஸ்பிரிங் பொருந்திய நடுத்தர ஷாக் இருவர் வண்டிக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

முன் ஃபோர்க்கை நான் தொடவில்லை, எண்ணெய் மட்டும் மாற்றினேன். பின்பக்கம் சரியானதும் முன்பக்கம் தானாகவே ஒழுங்காக நிற்கிறது. ஷாக் மாட்டும்போது, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். அது தேய்ந்திருந்தால் எந்த ஷாக் போட்டும் வளைவில் வால் ஆடும். வாரண்டி மிச்சமிருக்கும் வண்டி என்றால் ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

என் ஷாக் இதுவரை 11,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கசிவு இல்லை. இன்னும் திறந்து எண்ணெய் மாற்றியதில்லை. அதனால் பராமரிப்புச் செலவைப் பற்றி என்னால் அனுபவத்தோடு பேச முடியாது. கோவையில் சீல் மாற்றி நைட்ரஜன் அடைத்துத் தருகிற பட்டறையை மட்டும் வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொண்டேன். ஏழே மாதத்தில் ஒரு ஜோடியைத் தூக்கிப் போட்ட பிறகு அந்த விசாரிப்பு இல்லாமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

போன மாதம் தாளவாடியிலிருந்து திரும்பும்போது பையில் 12 கிலோ உருளைக்கிழங்கு. ஆசனூரில் டீக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க, பண்ணாரிக்கே போயிறலாம்" என்றாள்.