ப்ரொப்பல்லர் ஃபைட்டர் பிக்கப்: மூணு சிம்ல ரொம்ப நாள் பறந்த அனுபவம்

ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ், டிசிஎஸ், வார் தண்டர்னு போர் விமானம் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம் (சிம்) மூணுலயும் வருஷக்கணக்கா பறந்துட்டு இருக்கேன். சர்வருக்கு யாராவது புதுசா வந்தா முதல்ல கேக்குறது எந்த ப்ளேனுக்கு பிக்கப் ஜாஸ்தின்னுதான். எந்த ஸ்பீடுல இருந்துன்னு சொல்லாம இதுக்கு பதிலே கிடையாது, அத புரிஞ்சுக்கிட்டா பாதி சண்டை ஜெயிச்ச மாதிரி.

ப்ரொப்பல்லர் ப்ளேன்ல இன்ஜின் ஒரே பவர் குடுத்துட்டு இருந்தாலும் ஸ்பீடு ஏற ஏற த்ரஸ்ட் குறைஞ்சுட்டே வரும். 250 கிமீ ஸ்பீடுல இருந்த த்ரஸ்ட் 500ல ஏறக்குறைய பாதிதான், ஆனா பாடிமேல மோதுற காத்துத் தடை அதுக்குள்ள நாலு மடங்கு ஆயிடும். அதனால ஸ்லோவா இருக்கும்போது வெயிட்டுக்கு எத்தனை ஹெச்பின்றதுதான் முக்கியம், ஸ்பீடு ஏறினப்புறம் பாடி எவ்ளோ க்ளீனா இருக்குன்றதுதான் பேசும்.

ரெண்டாம் உலகப்போர் ப்ளேன்கள்ல ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4 எடுத்துக்கோங்க, சுமார் 3,400 கிலோ, எம்டபிள்யூ-50 (இன்ஜின்ல தண்ணி-மெத்தனால் கலவை அடிக்குறது) அடிச்சா 1,850 ஹெச்பி. அமெரிக்காவோட பி-51டி, அதாவது மஸ்டாங், சுமார் 4,600 கிலோ, எமர்ஜென்சி பவர்ல 1,700 சொச்சம். இன்னொரு அமெரிக்க ப்ளேன் பி-47டி 6,600 கிலோ, 2,300 ஹெச்பி. ஒரு டர்ன் ஃபைட் முடிஞ்சு ரெண்டு பேரும் 250ல தொங்கிட்டு இருக்கும்போது கே-4 மூக்க நேராக்கிட்டு ஓடினா மஸ்டாங்கால ஒட்டவே முடியாது, பி-47 பத்தி சொல்லவே வேணாம். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் 9 கூட அந்த இடத்துல மஸ்டாங்க விட்டுட்டு முன்னாடி போயிடும். ஆனா தரையொட்டி 500 தாண்டினப்புறம் ஸ்பிட்டுக்கு மூச்சு வாங்கும், மஸ்டாங் ஏறிட்டே இருக்கும், காத்து வழுக்கிட்டுப் போற மாதிரி செஞ்ச அந்த லாமினார் விங்கும் வயித்துக்கு அடியில இருக்குற ரேடியேட்டரோட டிசைனும் அங்கதான் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், பின்னாடி வந்த ஸ்பிட்டோட துப்பாக்கி ரேஞ்ச்ல இருந்து மெதுவா மெதுவா வெளிய வர்றது.

டைவ்ல கதை வேற. புவிஈர்ப்பு எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் இழுக்கும், வித்தியாசம் வர்றது கிலோவுக்கு எவ்ளோ காத்துத் தடைன்றதுல. பி-47 டைவ் ஆரம்பிச்ச உடனே 109 பின்னாடியே ஒட்டிட்டு வரும், பயந்து திரும்பிடாதீங்க, ஸ்பீடு நல்லா ஏறினப்புறம்தான் கேப் விழும். 8 கிமீ உயரத்துல டர்போ இருக்குறதால பி-47 இன்ஜின் கிட்டத்தட்ட முழு பவர் குடுக்கும், மத்தவங்களுக்கு அங்க பவர் எறங்கியிருக்கும், கீழ பார்த்த வரிசைய அப்படியே மேல கொண்டு போகாதீங்க.

கம்பேர் பண்றவங்க நிறைய பேர் கவனிக்காதது பெட்ரோல். ரெண்டு ப்ளேனுக்கும் 50 சதவீதம் போட்டா நியாயம்னு நினைக்குறாங்க. மஸ்டாங் ஃபுல் டேங்க் 730 கிலோ, 109க்கு 400 லிட்டர், அதாவது 300 கிலோகிட்ட. மஸ்டாங்ல 40 சதவீதம் போட்டாலே 109 ஃபுல் டேங்க் அளவு வந்துடுது. சதவீதத்த விட்டுட்டு எத்தனை நிமிஷம் பறக்கணும்னு பார்த்து ரெண்டுக்கும் போடுங்க. அதேமாதிரி ஐஎல்-2ல 150 ஆக்டேன் பெட்ரோல் ஆப்ஷன சர்வர் விட்டிருக்கான்னு பாருங்க, ஸ்பிட் +18 பூஸ்ட்ல (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்துற அளவு) ஓடுறதும் +25ல ஓடுறதும் ரெண்டு வேற ப்ளேன். வார் தண்டர்ல ஆர்கேட் மோட் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

அப்புறம் ஓட்டுற விதம். சோவியத் லா-5எஃப்என்ல கவுல் ஷட்டர் (இன்ஜின் மூடியில காத்து போற கதவு), ஆயில் ரேடியேட்டர் எல்லாம் கையாலதான், தொறந்தே விட்டுட்டு இந்த ப்ளேன் ஸ்லோன்னு சொல்றவங்கள அடிக்கடி பார்க்குறேன். 109ல காக்பிட்ல இருந்து ரட்டர் (வால் சுக்கான்) ட்ரிம் பண்ண முடியாது, சைடு வாங்குறத காட்டுற மீட்டர்ல இருக்குற பந்த பெடல மிதிச்சு நடுவுல வச்சுக்கணும், சைடு வாங்கிட்டு பறந்தா பிக்கப் போயிடும். ஸ்லோவா இருக்கும்போது ஸ்டிக்க லேசா முன்னாடி தள்ளி ஜி-ய பூஜ்யத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்தா விங் லிஃப்ட்டுக்காக குடுக்குற தடை கிட்டத்தட்ட காணாம போயிடும், நேரா பறக்குறவன விட சீக்கிரம் ஸ்பீடு ஏறும், கொஞ்சம் உயரம் போகும் அவ்ளோதான்.

நீங்களே டெஸ்ட் பண்ணணும்னா ஒரே உயரம், ஒரே மேப், ரேடியேட்டர் ஒரே மாதிரி வச்சு லெவல்ல 250ல இருந்து 350, 350ல இருந்து 450, அதுக்கு மேலன்னு தனித்தனியா டைம் எடுங்க. டிசிஎஸ்ல டாக்வியூன்ற பறந்தத பதிவு பண்ற ப்ரோக்ராமோட பதிவு வச்சு பார்க்கலாம், வார் தண்டர்ல ப்ரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 8111 தொறந்தா ஸ்பீடு ஓடிட்டே இருக்கும்.