“90 சதவீதம்” என்று விற்கப்படும் எமல்சிஃபயர்: வாங்குவோர் கவனத்திற்கு

எங்கள் கேக் கலவைத் தயாரிப்புக்காக, நொதி முறையில் சுற்றுச்சூழலுக்குக் கேடின்றித் தாவர எண்ணெயிலிருந்து தயாரித்தது என்று உறுதி கூறிய ஒரு விற்பனையாளரிடம், எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்க உதவும் எமல்சிஃபயரான வடித்த (வடிப்பு முறையில் தூய்மையாக்கிய) மோனோகிளிசரைடு வாங்கி ஏமாந்தோம்.

மூட்டையைப் பிரித்ததுமே சந்தேகம் எழுந்தது. வடித்த சரக்கு வெண்மையாக, கையில் ஒட்டாமல் உதிரும் மணியாகவோ தூளாகவோ இருக்கும்; வந்ததோ மஞ்சள் படிந்த செதில், அதிலும் பாதி கட்டிதட்டிச் சோப்பு வாடை அடித்தது. அதைச் சேர்த்து எவ்வளவு அடித்தும் மாவு நுரைத்துவரவில்லை.

வெளி ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராபி (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் சோதனை) செய்து பார்த்ததில் மோனோகிளிசரைடு பாதியைக்கூட எட்டவில்லை. விற்பனையாளரின் பகுப்பாய்வுச் சான்றை மீண்டும் எடுத்துப் பார்த்தால், “மோனோ மற்றும் டைகிளிசரைடுகள்: குறைந்தது 90%” என்று, ஒரு கொழுப்பமிலம் கொண்ட மோனோவையும் இரண்டு கொண்ட டையையும் கூட்டி ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். விலைப்பட்டியலில் மட்டும் ‘வடித்த மோனோ 90’. எண்ணெயைக் கிளிசராலுடன் வினைப்படுத்தினால் மோனோ ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதம்தான் கிடைக்கும். அதை 90க்கு உயர்த்த உயர் வெற்றிடத்தில் மூலக்கூறு வடிப்பு செய்தாக வேண்டும், கூடுதல் விலையும் அதற்காகத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இ471 (மோனோ, டைகிளிசரைடுகளுக்கான உணவுச் சேர்க்கை எண்) விதி மோனோவும் டையும் சேர்ந்து 70 சதவீதம் இருந்தாலே ஏற்றுக்கொள்வதால், இந்தச் சரக்கை அந்த அளவுகோலில் தவறு என்று சொல்லவும் முடியாது.

நொதி முறை என்பதும் நம்பும்படி இல்லை. லிப்பேஸ் நொதி சுமார் 70 டிகிரியிலோ அதற்குக் கீழோ வேலை செய்யும், கார வினையூக்கி தேவையில்லை. 200 டிகிரிக்கு மேல் காரத்துடன் சூடாக்கும் வழக்கமான முறையில்தான் சோப்பு மிஞ்சும். ஆய்வறிக்கையில் சோப்பு, அனுமதித்த 6 சதவீத வரம்புக்குள்தான் என்றாலும், தெளிவாகவே பதிவாகியிருந்தது.

விற்பனையாளர் சொன்ன ‘நிலைத்த பாமாயில்’ (சூழலைக் கெடுக்காமல் விளைவித்த பாமாயில்) என்பதற்குக் காட்டிய ஆர்எஸ்பிஓ (அத்தகைய பாமாயிலுக்குத் தரம் வகுக்கும் சர்வதேச அமைப்பு) சான்றோ வேறொரு நிறுவனத்தின் பெயரில், ‘மாஸ் பேலன்ஸ்’ வகையில் இருந்தது. அந்த வகையில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் கலந்தே வரலாம்; கணக்கில் மட்டும் அளவு ஒத்துப்போக வேண்டும். தனியே பிரித்துவைத்த எண்ணெய் வேண்டுமென்றால் ‘செக்ரிகேட்டட்’ என்று சான்றிலேயே இருக்க வேண்டும். (இதைக் கேட்டபோது விற்பனைப் பிரதிநிதி பேச்சை மாற்றினார்.)

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சான்றில் எழுதியதைத்தானே அனுப்பினோம்” என்று பதில் வந்தது. அடுத்த கொள்முதலில் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள், நாங்கள் ஏற்கவில்லை. இப்போது வேறு எவரிடம் வாங்கினாலும் மோனோ, டை, தனிக் கிளிசரால், சோப்பு ஆகியவற்றைத் தனித்தனி எண்களாக, அந்தத் தொகுதி எண்ணுடன், சரக்கு கிளம்புமுன் கேட்டு வாங்குகிறோம்.