குடியுரிமை மனு: சர்ச் உதவி மையமா, வக்கீலா, நாமே போட்டுவிடலாமா?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் குடியுரிமை மனு ஒரு காலத்தில் பெரிய பயம் தராத வேலை. ஐந்து வருடம் முடிந்ததும் என்-400 படிவம், ஒரு நேர்காணல், அப்புறம் உறுதிமொழி. 2025 அந்த நிம்மதியைக் குலைத்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'நன்னடத்தை'யை இன்னும் கடுமையாக எடைபோடச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவு வந்தது. அக்டோபர் 20 முதல் மனு போடுபவர்களுக்கு, அமெரிக்க வரலாறும் அரசும் பற்றிக் கேட்கும் குடிமைத் தேர்வும் மாறியது. முன்பு 100 கேள்விகளைப் படித்துப்போனால், பத்து கேட்பார்கள், ஆறு சொன்னால் போதும். இப்போது 128 கேள்விகளைப் படிக்க வேண்டும், இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும்.

இந்த நிலையில் யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. என் பதில் உங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பணத்தை வைத்து முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாமே போடுவதில் ஆரம்பிக்கலாம். ஆன்லைனில் கட்டணம் 710 டாலர், தாளில் 760. ஆங்கிலம் நன்றாகத் தெரியும், வெளிநாட்டுப் பயணங்கள் குறைவு, போலீஸ் வழக்கு எதுவும் இல்லை, வரி ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள் என்றால் தாராளமாக நீங்களே போடலாம். குறைந்த வருமானக்காரர்களுக்கு 380 டாலர் கட்டணச் சலுகை இருக்கிறது. அதைக் கேட்டால் தாளில்தான் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு, விலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களிடம் செக்கோ மணி ஆர்டரோ வாங்குவதில்லை. கார்டு விவரமோ வங்கிக் கணக்கு விவரமோ தரும் படிவத்தை மனுவோடு வைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் மணி ஆர்டர் வைத்தால் மனு திரும்பி வந்துவிடும்.

அடுத்தது வக்கீல். சாதாரண மனுவுக்கே வக்கீல் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம். ஆனால் ஒரு தடவை கைதானவர், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் சரி, நேராகக் குடியேற்றச் சட்ட வக்கீலிடம்தான் போக வேண்டும். மனு போட்டால் பழைய ஃபைல் முழுவதையும் புரட்டுவார்கள். நாடுகடத்தக் காரணம் ஏதாவது கண்ணில் பட்டால் குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வரலாம். கையில் இருக்கும் கிரீன் கார்டும் போய்விடக்கூடும். அந்த இடத்தில் ஆயிரம் டாலரை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வரிக் கணக்கு போடுபவர், டிராவல் ஏஜெண்ட், நோட்டரி போர்டு மாட்டியவர் ஆகியோரிடம் சட்ட ஆலோசனைக்குப் போகவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

இனி மனு போட உதவும் சர்ச் மையங்கள். இவை நேற்று முளைத்தவை அல்ல. 1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால், பேப்பர் இல்லாமல் இருந்த லட்சக்கணக்கானவர்கள் சட்டபூர்வ அந்தஸ்து கேட்டு மனு போட்டபோது, சர்ச்சுகளின் பாரிஷ் ஹால்களில்தான் நிறைய படிவங்கள் நிரம்பின. 1988-ல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் கிளினிக் (CLINIC) என்ற குடியேற்றச் சட்ட உதவி வலையமைப்பைத் தொடங்கினார்கள். மெத்தடிஸ்ட், லுத்தரன் சபைகளுக்கும் இப்படி அமைப்புகள் உண்டு. சுவிசேஷ சபைகள் சார்பில் வேர்ல்ட் ரிலீஃப் இயங்குகிறது. இங்கெல்லாம் உங்கள் மதம் என்ன என்று பார்ப்பதில்லை.

நல்ல மையத்தின் மதிப்பு அது இலவசம் என்பதில் இல்லை, முதல் மேசையில் நடக்கும் விசாரிப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டு பாஸ்போர்ட்டை நீட்டினால், தன்னார்வலர் முத்திரைகளைத் தேதிவாரியாக எழுதிப் பார்ப்பார். மதுரையில் அறுவை சிகிச்சைக்காகத் தங்கிய எட்டு மாதம் அப்போதுதான் வெளியே வரும். அதற்கு விளக்கமும் ஆதாரமும் வேண்டும். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்தீர்களா என்ற கேள்வியும் அப்படித்தான். குடிமகன் ஆகாதவர் வாக்காளராகப் பதியக் கூடாது என்பதால், அந்த ஒரு டிக் மனுவையே கவிழ்த்துவிடலாம். ஆமாம் என்றால் நல்ல மையம் படிவத்தை அங்கேயே மூடிவிட்டு வக்கீலிடம் அனுப்பும். அப்படி அனுப்பத் தெரிந்த மையத்தை நான் நம்புவேன்.

இன்னொன்று, தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்பு. இருபது வருடம் கிரீன் கார்டில் இருந்த ஐம்பது வயதுக்காரருக்கும், பதினைந்து வருடம் இருந்த ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமைத் தேர்வைத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம். ஆனால் பிள்ளை ஸ்பான்சர் செய்து அறுபத்தெட்டு வயதில் வந்த நம் அம்மா அப்பாவுக்கு ஐந்து வருடம்தான் ஆகியிருக்கும். வயது எழுபத்துமூன்று ஆனாலும் அந்தச் சலுகை இல்லை, ஆங்கிலம் படித்தாக வேண்டும். பணம் கொடுத்தாலும் வக்கீல் அலுவலகத்தில் அந்தப் படிப்பு கிடைக்காது. சர்ச்சின் மாலை வகுப்பில் கிடைக்கும், கூடப் படிக்க நாலு பேரும் இருப்பார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். குடியுரிமை வகுப்புகளுக்கு 2009 முதல் வந்துகொண்டிருந்த மத்திய அரசு மானியம் 2025-ல் நிறுத்தப்பட்டது, காத்திருப்பு நீண்டது. வழிபாட்டுத் தலங்களில் குடியேற்றக் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்கும் பழைய கொள்கையும் அந்த ஜனவரியில் ரத்தானது. கிரீன் கார்டுக்காரருக்கு இதில் பயம் குறைவு என்றாலும், ஒரே வீட்டில் பேப்பர் இல்லாத தம்பியோ மனைவியோ இருந்தால் குடும்பமே ஹாலுக்கு வரத் தயங்குகிறது. முதல் விசாரிப்பைத் தொலைபேசியில் வைக்க முடியுமா என்று மையத்தைக் கேளுங்கள்.

எல்லா சர்ச்சும் ஒன்றல்ல என்பதுதான் முக்கியம். ஆலோசனை சொல்பவர் வக்கீலாகவோ, அமெரிக்க நீதித்துறை அங்கீகரித்த அமைப்பில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாகவோ இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை நீதித்துறை தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பகுதி அங்கீகாரம் பெற்றவர் குடியேற்ற அலுவலகம் வரை வருவார், முழு அங்கீகாரம் பெற்றவர் குடியேற்ற நீதிமன்றத்துக்கும் வருவார். பாஸ்டர் நல்லவர், பாடகர் குழுவில் இருக்கும் அக்கா படித்தவர், எல்லாம் சரி. அவர்கள் சொன்னதை நம்பி ஒரு கட்டத்தில் தவறாக டிக் அடித்தால், கீழே கையெழுத்து உங்களுடையது. போனதும் முதல் கேள்வியாக, 'எனக்காக ஜி-28 படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?' என்று கேளுங்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டவர்தான் அலுவலகத்தில் உங்கள் பிரதிநிதி. பெயர் சொல்லத் தயங்கினால், டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி வேறு மையத்தைத் தேடுங்கள்.