நுனியில் ஓட்டை இருந்தால் விரியும் என்று சொல்லி விற்ற தோட்டா: மான், பன்றி வேட்டைக்கு ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

முதல் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். வேட்டைக்கு முறையாக உரிமம் கொடுக்கும் நாடுகளில் இருக்கும் நம் ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கடையில் நான் கேட்டது ஒன்றுதான். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, அதிகம் போனால் 150 கஜ தூரம். .243, .308 என்ற இரண்டு கேலிபர்களை (குழல் துளையின் அளவை வைத்துத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் சொல்லும் பெயர்) பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டையும் கையால் ஒதுக்கிவிட்டார். "அதெல்லாம் பழசு சார். இதைப் பிடிங்க, உதைப்பே தெரியாது, சத்தமும் கம்மி" என்று .300 பிளாக்அவுட் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கூடவே 220 கிரெய்ன் (குண்டின் எடை) சப்சானிக் தோட்டா, அதாவது ஒலியைவிட மெதுவாகப் போவது, மூன்று பெட்டி.

உள்ளே போய் விரியும் குண்டுதான் விலங்கைச் சீக்கிரம் வீழ்த்தும். "இது விரியுமா?" என்று நான் கேட்டது இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் ஒரு தோட்டாவை எடுத்து நுனியை என் பக்கம் திருப்பினார். ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. "பாருங்க, ஓட்டை இருக்குல்ல? உள்ளே போனதும் பூ மாதிரி விரிஞ்சிடும்" என்றார். நம்பினேன்.

அந்த ஓட்டை விரிவதற்காக வைத்தது கிடையாது. இலக்குப் பலகையில் சுடும் மேட்ச் குண்டுகளுக்குச் செம்பு உறையை அடியிலிருந்து நுனியை நோக்கி இழுத்து மூடுவார்கள். அப்படி மூடும்போது நுனியில் மிஞ்சுகிற வாய்தான் அது. குறி சுத்தமாக விழவேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் குண்டு. விலங்கின் உடம்புக்குள் போய் விரியும்படி யாரும் அதை வடிவமைக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'மேட்ச்' என்று போட்டிருந்தது. துப்பாக்கி விற்றே பிழைக்கும் மனிதருக்கு அந்த ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

முதல் வேட்டை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், சுமார் 70 கஜத்தில் ஒரு பன்றிக் கூட்டம். பெரிய கிடா (ஆண் பன்றி) ஒன்றைப் பார்த்து முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். பட்ட சத்தம் கேட்டது. அது ஒரு உறுமலோடு புதருக்குள் பாய்ந்துவிட்டது. நின்ற இடத்தில் நாலு சொட்டு ரத்தம், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தேடினோம். மறுநாள் காலையில்தான் ஒரு முள்புதருக்கடியில் கிடைத்தது. எத்தனை மணி நேரம் உயிரோடு கிடந்ததோ, அதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. கறியும் கெட்டுப் போயிருந்தது.

என்னோடு வந்த அண்ணன் பல வருடமாக வேட்டைக்குப் போகிறவர். கத்தியால் கீறிக் காட்டினார். குண்டு நுழைந்த வழி பென்சிலால் குத்தியது போல இருந்தது. மறுபக்கத்துத் தோலுக்கடியில் குண்டு தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் குழலின் வரிகள் மட்டும் அதன் மேல் கோடுகோடாகப் பதிந்திருந்தன. மற்றபடி நசுங்கல் இல்லை, விரிசல் இல்லை. திரும்பவும் ஒரு தோட்டாவில் பொருத்திச் சுடலாம் போலிருந்தது.

வயதான கிடாவுக்குத் தோளின் மேல் குருத்தெலும்பு போலத் தடித்த ஒரு கவசம் இருக்கும் என்பதையும் அவர்தான் தொட்டுக் காட்டினார். இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடப் பன்றிக்குத் தாழ்வாகவும் முன்தள்ளியும் இருக்கும். மானுக்கு வைப்பதுபோல சப்பைக்குப் பின்னால் வைத்தால் பன்றிக்குக் குறி பின்தங்கிவிடும். இந்தத் தவறு என்னுடையது, மறைக்கவில்லை. ஆனால் விரியும் குண்டாக இருந்திருந்தால் அந்த இடத்திலும் நுரையீரலைக் கிழித்து, ரத்தம் தடம் காட்டியிருக்கும் என்றார் அண்ணன்.

சப்சானிக் 220 கிரெய்ன் குண்டு குழலைவிட்டு வருவது நொடிக்குச் சுமார் 1,010 அடி வேகத்தில். ஆற்றல் 500 அடி-பவுண்டுக்குப் பக்கம். அதே .300 பிளாக்அவுட்டில் 110 கிரெய்ன் சூப்பர்சானிக் போட்டால் 1,350 வரும். .308-இல் 150 கிரெய்ன் என்றால் 2,600-ஐத் தாண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் பெரும்பாலான மான்களுக்குக் குறைந்தது .240 கேலிபரும் 1,700 அடி-பவுண்டும் வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 கேலிபர், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு. என் கையில் இருந்த தோட்டாவோடு அங்கெல்லாம் மானைச் சுட்டிருந்தால் நான்தான் குற்றவாளி.

இதைவிடப் பெரிய இன்னொரு ஆபத்தையும் கடைக்காரர் சொல்லவில்லை. என்னிடம் ஏற்கெனவே ஒரு .223 ரைஃபிள் இருந்தது. "உங்க .223-ஓட மேகசினே இதுக்கும் சேரும், தனியா வாங்க வேண்டாம்" என்று சலுகை மாதிரி சொன்னார். மேகசின் சேரும் என்பது உண்மைதான், .300 பிளாக்அவுட்டின் மருந்துக் கூடே .223-இன் கூட்டை வெட்டிக் குறைத்து உருவானது. சிக்கலும் அங்கேதான். .300 தோட்டா தவறி .223 குழலுக்குள் போனால், சில குண்டுகளோடு துப்பாக்கியின் போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டு) மூடிக்கொள்ளும். விசையை அழுத்தினால் .308 அங்குலக் குண்டு .224 அங்குலத் துளைக்குள் போக வழியில்லாமல் துப்பாக்கி கண்ணுக்கும் கைக்கும் பக்கத்திலேயே வெடிக்கும். இது தெரியாமல் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறேன். உங்களிடம் இரண்டும் இருந்தால் இன்றைக்கே மேகசின்களைப் பிரித்து, வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வெளியே எடுக்காதீர்கள்.

பன்றியிலிருந்து எடுத்த குண்டைக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தேன். கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "சுட்ட இடம் சரியில்லை" என்றார். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டாராம். துப்பாக்கியை வேண்டுமானால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். வாங்கி முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

.300 பிளாக்அவுட் மோசமான கேலிபர் என்று சொல்ல வரவில்லை. அதற்கென்றே செய்த விரியும் குண்டைப் போட்டு, 100 கஜத்துக்குள் சுட்டால் மானும் விழும், பன்றியும் விழும். ஆனால் முதல் துப்பாக்கி, இரண்டு விலங்குக்கும் ஒன்று என்றால் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. நான் இப்போது வைத்திருப்பது .308. 1952-இலிருந்து இருக்கிறது, தோட்டாவுக்கு அலைய வேண்டியதில்லை, எல்லா வகைக் குண்டிலும் கிடைக்கிறது. அதன் உதைப்பு தோளுக்குக் கஷ்டம் என்றால் 7 எம்எம்-08 அல்லது 6.5 க்ரீட்மூர். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் .243-இல் 95, 100 கிரெய்ன். மானுக்கு அது தாராளம், பெரிய கிடாவுக்கு மட்டும் உறையும் ஈயமும் பிரியாத பாண்டட் குண்டோ முழுச் செம்புக் குண்டோ போடுங்கள். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் மட்டும் சுடுகிறவருக்கு 1895-இல் வந்த .30-30 இன்றைக்கும் குறை வைக்காது.

எதிர்த் திசையிலும் ஏமாற்றுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தலையில் "பன்றிக்குப் பெரிசுதான் வேணும்" என்று .300 வின்செஸ்டர் மேக்னத்தைக் கட்டினார்கள். அந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே அவருக்குக் கண் மூடிவிடுகிறது. 60 கஜத்தில் நிற்கும் விலங்கைத் தவறவிடுகிறார்.

கேலிபரை முடிவு செய்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தோட்டாப் பெட்டியின் நான்கு பக்கமும் படியுங்கள். மேட்ச், டார்கெட், எஃப்எம்ஜே (முழு உலோக உறை போட்ட, விரியாத குண்டு) என்று எங்காவது இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் "இது வேட்டைக்கு ஆகும், விரியும்" என்று சத்தியம் செய்தால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் வெறும் 'தோட்டா, 3 பெட்டி' என்றுதான் இருக்கிறது, அதனால் என்னால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை.