வீட்லயே துரு எடுத்த கார், நாலு வருஷம் கழிச்சு எப்படி இருக்கு

கார் வாங்கி 19 வருஷம் ஆச்சு. இஞ்சின் இன்னும் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, பாடி தான் கை விட ஆரம்பிச்சுடுச்சு. நாலு வருஷம் முன்னாடி மூணு எடத்துல துரு பாத்தேன், வலது பக்க பின் வீல் ஆர்ச் (டயருக்கு மேல வளைஞ்சு வர்ற தகடு), டிரைவர் கதவோட அடிப்பக்கம், அப்புறம் டிக்கி மூடில நம்பர் பிளேட் லைட்டுக்கு மேல. மூணையும் மொதல்ல நானே தான் பண்ணேன். வேல முடிஞ்ச அன்னைக்கு வீல் ஆர்ச் தான் சூப்பரா வந்திருந்துச்சு, பாத்தவங்க எல்லாம் எங்க கொடுத்து பண்ணீங்கன்னு கேட்டாங்க, கதவு பாக்க சகிக்கல. ஆனா துரு தாங்குறதுல ரெண்டும் அப்படியே தலைகீழா போச்சு.

வீல் ஆர்ச் கதைய மொதல்ல சொல்லிடுறேன். வெளிய பாத்தா கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு கொப்புளம். ஸ்க்ரூடிரைவர் முனையால லேசா அழுத்துனேன், பொசுக்குன்னு உள்ள போயிடுச்சு, செங்காவி கலர்ல ரெண்டு சொட்டு தண்ணி வழிஞ்சுது. சுத்தி இருந்த பெயின்ட்ட சுரண்ட சுரண்ட துரு பக்கு பக்கா உரிஞ்சு வருது, கடைசில உள்ளங்கை அளவுக்கு எடம் போச்சு, நடுவுல ரெண்டு ஓட்டை. இரும்பு துருவா மாறும்போது ரெண்டு மடங்குக்கு மேல எடம் அடைக்கும், அதனால தான் பெயின்ட் எழும்பி கொப்புளமா தெரியுது, அதாவது நமக்கு கண்ணுல படுறப்பவே அது உள்ள குடும்பம் நடத்திட்டு இருக்கும்.

நான் பண்ண தப்பு, ஓட்டைய பைபர் மேட் (கண்ணாடி இழைத் துணி) போட்டு மூடி அதுக்கு மேல பட்டி, அதாவது பள்ளத்த நிரப்புற பாடி ஃபில்லர் பசை, பூசுனது. பட்டில அத இறுக வைக்கிற ஹார்ட்னர் 2 சதவீதம் தான் போடணும், மொத தடவ அவசரத்துல கொஞ்சம் தாராளமா பிதுக்கிட்டேன், ஓட்டைகிட்ட போறதுக்குள்ள பலகையிலேயே கல்லா போச்சு. ரெண்டாவது கலவை சரியா வந்துச்சு, 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, 180, 320ன்னு போயி, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல வாட்டர் பேப்பர் 600 போட்டு, கை வச்சு தடவுனா எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியாது. அவ்ளோ பெருமை. 14வது மாசம் அதே எடத்துல அதே கொப்புளம்.

காரணம் சிம்பிள். வெளித் தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவுல டயர் அடிச்ச சேறு பல வருஷமா ஈரத்தோட அடைஞ்சு கெடந்துச்சு, அத நான் தொடவே இல்ல. பட்டி ஈரத்த உறிஞ்சும், பின்பக்கத்துல இருந்து தண்ணி வந்தா அதால தாங்க முடியாது. போதாதுன்னு அடில கருப்பு ரப்பர் கோட்டிங் வேற அடிச்சு விட்டேன், துருவ முழுசா எடுக்காம அத அடிச்சா ஈரத்த உள்ள வச்சு மூடி போட்ட மாதிரி தான். ரெண்டாவது ரவுண்டுல அழுகுன தகட்ட முழுசா வெட்டி, வெல்டிங் தெரிஞ்ச டிங்கர்கிட்ட புது தகடு வச்சு ஒட்டிட்டு, உள்ள பைப் விட்டு கேவிட்டி வேக்ஸ் (தகட்டு இடுக்குல ஈரம் படாம காக்குற மெழுகு) அடிச்சேன். அதுக்கப்புறம் ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுவரைக்கும் ஒண்ணும் வரல.

கதவு வேற கதை. டோர் பேட் (கதவோட உள்பக்க அட்டை) கழட்டி பாத்தா அடிமடிப்புல தண்ணி வடியுற ஓட்டை மூணும் மண்ணு, காஞ்ச இலை எல்லாம் சேந்து அடைச்சு கெடக்கு. ஒரு கம்பிய விட்டு குத்துனதும் கருப்பு தண்ணி கொடகொடன்னு என் கால் மேலயே கொட்டுச்சு, எத்தன மாசமா தேங்கி கெடந்துச்சோ. கண்ணாடி பீடிங் (ஓர ரப்பர்) வழியா மழைத்தண்ணி கதவுக்குள்ள எறங்குறது நார்மல் தான், அது கீழ வெளிய போகலன்னா தான் வம்பு. இங்க ஓட்டை விழல, துரு மேலோட்டமா தான் இருந்துச்சு, அதனால வயர் பிரஷ், கிரைண்டர்ல மாட்டுற உப்புத்தாள் சக்கரம் (ஃப்ளாப் டிஸ்க்) போட்டு எடுத்துட்டு, மடிப்புக்குள்ள டிஸ்க் போகாத எடத்துல மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவுனேன். டேனிக் ஆசிட், பாஸ்பாரிக் ஆசிட் இருக்குற சமாச்சாரம் அது, துருவோட சேந்து கருப்பா இறுகிடும். ஆனா உதுர்ற துரு மேல அடிச்சா மேல் பக்கம் மட்டும் கருக்கும், அடில அப்படியே இருக்கும், டப்பால போட்டிருக்குற படத்த நம்பி சுரண்டாம அடிக்காதீங்க.

அதுக்கு மேல ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர். நாலு வருஷத்துல நான் வாங்குனதுலயே உருப்படியான பொருள் இது தான். சாதா ஸ்ப்ரே பிரைமர் ஈரத்த உள்ள விடும், ஒரு ராத்திரி வெளிய நின்னாலே அடில புள்ளி வரலாம், எபாக்ஸி அவ்ளோ லேசுல விடாது. சுரண்டுன தகட்ட அன்னைக்கே மூடிடணும், காத்துல ஈரம் இருந்தா சில மணி நேரத்துலயே மஞ்சளா மறுதுரு பிடிச்சுடும், கை ரேகை பட்டா அது வேற, அதனால துடைச்சப்புறம் வெறுங்கையால தொடாதீங்க.

பெயின்ட்ல தான் கதவு சொதப்பல். கலர் கோடு பாத்து தான் வாங்குனேன், ஆனா கார் சில்வர் மெட்டாலிக், ஸ்ப்ரே பண்ற தூரம் கொஞ்சம் மாறுனாலே ஷேடு மாறும், பத்தாததுக்கு பழைய பெயின்ட் வெயில்ல வெளுத்து வேற இருக்கு. கதவு அடில பட்டையா கருத்து தெரியுது. நாலு வருஷமா தெரியுது. ஒரு கொப்புளம் கூட இல்ல.

டிக்கி பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, லைட்டோட ரப்பர் காஞ்சு போய் தண்ணி கசிஞ்சிருக்கு, ரப்பர மாத்திட்டு பண்ணேன், நல்லா இருக்கு.

கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பளபளப்பு பூச்சு, அத பத்தி ஒண்ணு. சாதா ஸ்ப்ரே கிளியர் பெட்ரோல் தாங்காது. என் வீல் ஆர்ச் பெட்ரோல் மூடிக்கு நேர் கீழ, ஒரு தடவ டேங்க் வழிஞ்சு துடைக்கிறதுக்குள்ள கிளியர் பிசுபிசுன்னு இளகி மங்கிப் போச்சு. ஹார்ட்னர் சேத்த டூ-கே கிளியர் தாங்கும், ஆனா அதுல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆபத்து, தூசிக்கு போடுற துணி மாஸ்க் எல்லாம் அதுக்கு பத்தாது. சரியான மாஸ்க் இல்லாததால நான் அத வெளிய கொடுத்து தான் அடிச்சேன், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கதவுக்கு கீழ பாடியோட சேந்து நீளமா ஓடுற பெட்டி மாதிரி தகடு (சில்), ஜாக்கி வைக்கிற எடம், சீட் பெல்ட் போல்ட் எறங்குற எடம், சஸ்பென்ஷன் மாட்டுற எடம், இங்கெல்லாம் ஓட்டை விழுந்தா வீட்ல பட்டி பாக்குற வேலையே வேணாம். வண்டியோட பலமே அங்க தான் இருக்கு, பட்டிக்கு பலம் கெடையாது. சந்தேகமா இருந்தா சின்ன காந்தம் ஒட்டிப் பாருங்க, பட்டி தடிமனா இருக்குற எடத்துல ஒட்டாது. பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் இது உதவும்.

இப்ப மழை விட்டா ஒரு கம்பிய எடுத்துட்டு நாலு கதவோட ஓட்டையையும் குத்தி விடுறேன், அஞ்சு நிமிஷ வேல. போன வாரம் அப்படி சுத்தி வந்தப்ப பின் கண்ணாடி ரப்பர் ஓரத்துல கடுகு அளவுக்கு ஒரு புள்ளி கண்ணுல பட்டுச்சு. ரப்பர கழட்டி பாக்கணும், இன்னும் ஸ்க்ரூடிரைவர் எடுக்க மனசு வரல.